ஆனி முடிவதற்குள் ஒரு ‘பொங்’

உ

ஜூலை 11, வெள்ளி

கச்சான் காற்று. காலையிலேயே கண்ணுக்குள் மண். ஒஃபிஸ் யன்னலைத் திறந்தால் மேசை முழுக்கத் தூசி, மூடினால் வேர்வை. திறப்பதும் மூடுவதுமாகப் பாதி நாள் போனது.

மற்றப் பாதி அவமானம்.

திருகோணமலையிலிருந்து கடலால் மூதூருக்குப் போகிற பயணிகள் படகு, அதுதான் லோஞ்சு. அதன் ஆசனப் பதிவுக்கு இன்று ஒத்திகை. லோஞ்சுச் சங்கத்துக்காக எங்கள் ஒஃபிசின் இரண்டே பேர், ரிஸ்வியும் நானும், ஆறு மாதம் இருந்து செய்த செயலி. போனில் ஒரு கதிரையைத் தொட்டால் அது உங்களுக்கு, அவ்வளவுதான் விஷயம். இதுவரை நடந்த முறை வேறு. காலை ஆறரைக்கு எல்லோரும் இறங்குதுறைக்கு வருவார்கள். லோஞ்சைக் கட்ட முதலே கரையில் நின்று கதிரைக்கு லேஞ்சி எறிவார்கள், முகம் துடைக்கிற அதே கைக்குட்டைதான். லேஞ்சி விழுந்த கதிரை எறிந்தவருக்குச் சொந்தம். அதை எடுத்துப் போட்டுவிட்டு அங்கே இருக்கிற ஆள் திருகோணமலையில் இன்னும் பிறக்கவில்லை.

இன்று லேஞ்சி வேண்டாம், போன் போதும் என்று சொல்லியிருந்தோம். பன்னிரண்டாம் கதிரைக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் ஜெமீலா ரீச்சர். பதினாறு வருடமாக இந்த லோஞ்சில் மூதூர்ப் பள்ளிக்குப் போகிறவர். குரல் அக்கரை வரை கேட்கும்.

“புள்ள, என்ட போன்லயும் பன்னெண்டு. இவர்ர போன்லயும் பன்னெண்டு. அந்தா அவருக்கும் பன்னெண்டு. நாங்க மூணு பேரும் மடிக்கு மேல மடியா இரிக்கிறயா?”

முழு லோஞ்சும் சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

சங்கத் தலைவர் நடராசா அண்ணை சிரிக்கவில்லை. “தங்கச்சி, ஒரு லேஞ்சி கிடந்த இடத்தில இன்னொரு லேஞ்சி விழுந்ததா சரித்திரம் இல்ல. உங்கட கொம்பியூட்டர் மூண்டைப் போட்டிருக்கு.”

பிறகு தவணை சொன்னார். “புதன்கிழமை ஆனி கடைசி. அதுக்குள்ள சரிப்பண்ணுங்க, நல்ல நேரம் பாத்துத் தொடங்குவம். விட்டா இனி ஆவணிதான். ஆடிக்க புதுசா ஒண்டும் தொடங்கேலாது.”

இவருடையது கடலில் போகிற லோஞ்சு. பஞ்சாங்கம் பார்த்தா அலை அடிக்கிறது?

பின்னேரம் கொழும்பிலிருந்து மனேஜர் போனில். அவருக்கு ஆனியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. இந்த மாதத்துக்குள் லோஞ்சு வேலை தொடங்காவிட்டால் எங்கள் திருகோணமலை ஒஃபிஸ் அறையை மூடுகிறார்களாம். ரிஸ்வியும் நானும் ஓகஸ்ட் முதலாம் திகதி கொழும்பில் நிற்க வேண்டுமாம், இல்லாவிட்டால் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போகலாமாம்.

எனக்குக் கொழும்புக்குப் போக விருப்பமில்லை. எழுதினால் ஆறுதலாக இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். இல்லை.


ஜூலை 12, சனி

காற்று அதே. ரமணன் (இனி ர.) காலை நாலரைக்கே வேலைக்கு. துறைமுகத்து இழுவைப் படகில் என்ஜின் பார்க்கிறவர். கப்பல் வருகிற நேரம்தான் அவருக்கு விடியல். இழுவைப் படகைக் கொழும்புக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க ஏலாது. கல்யாணமாகி ஒன்பது வருடம் நான் கொழும்பில், அவர் இங்கே. வெள்ளி பஸ், ஞாயிறு பஸ். ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கி இரண்டு வருடம்தான். குறட்டை விடுவார் என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும்.

காரணம் கண்டுபிடித்தாயிற்று. வெட்கக்கேடு.

எங்கள் செயலி ஒன்றில்லை, நான்கு கொன்டெய்னர்களில் ஓடுகிறது. ஒரே சாமான் நான்கு பெட்டியில். ஒன்று விழுந்தாலும் மற்றது பதில் சொல்லட்டும் என்று செய்தது. ஆனால் யார் எந்தக் கதிரையைத் தொட்டார் என்பதை ஒவ்வொரு பெட்டியும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது. நான்கு கிளாக்கர், நான்கு கொப்பி, ஒருவர் கொப்பியை மற்றவர் பார்ப்பதில்லை. பன்னிரண்டு மூன்று பேருக்குப் போகாமல் என்ன செய்யும்? நான்காவது ஆள் வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

மருந்து: நான்கு பெட்டிக்கும் வெளியே ஒரே ஒரு ஞாபகம். அது வட்டில் எழுதாது, நினைவிலேயே வைத்திருக்கும். அதனால் கேட்ட கணத்தில் பதில் வரும். பத்து நிமிடத்துக்குள் ஆள் உறுதி செய்யாவிட்டால் தானாகவே மறந்துவிடும்.

இதை நடராசா அண்ணைக்குப் போனில் விளங்கப்படுத்தினேன். அரைவாசியில் மறித்தார். “அப்ப லேஞ்சி எறியிறதுக்கு ஒரு பொது இடம். அதைச் சொல்லுங்கவன்!”

ஆறு மாதம் நான் படம் கீறிக் காட்டியும் விளங்காத மனிதர். ஒரு லேஞ்சியில் விளங்கிவிட்டது.

அந்த வெளிச் சேமிப்பைக் கொழும்பில் ஒரு இடத்தில் வாடகைக்கு எடுத்தாயிற்று. அதைப் பார்க்கிறவர் ஜூட், நீர்கொழும்பு ஆள். குரல் மட்டும்தான் பழக்கம். எந்தக் கேள்விக்கும் முதல் பதில், “எங்கட பக்கம் எல்லாம் ஓகே மிஸ்.”

செய்ய வேண்டியவை:
– பெட்டிகளுக்கு வெளிச் சேமிப்பின் முகவரி சொல்வது (ரிஸ்வி)
– ஜூட் தன் பக்கக் கதவைத் திறப்பது
– பாஸ்வேர்ட்
– ‘பிங்’ என்று அனுப்பிப் பார்ப்பது. மறுபக்கத்திலிருந்து ‘பொங்’ என்று வந்தால் இணைந்துவிட்டது என்று அர்த்தம்
– மீன்: பாரை. இல்லாவிட்டால் சூடை
– வீட்டு மின்பட்டியல் (கரண்ட் பில்) எங்கே?

ஒரு பொங். அதுதான் எனக்கும் ர.வுக்கும் நடுவில் நிற்கிறது.


ஜூலை 13, ஞாயிறு

பாரையும் இல்லை, சூடையும் இல்லை. கத்தரிக்காய்.

ர. கேட்டார், “அப்ப கொழும்பில அந்தப் பழைய அறை இன்னும் இருக்குமா?” சும்மாதான் கேட்டார். நான் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். பின்னால் வந்து நின்று, “கத்தரிக்காய் நல்லாத்தான் இருக்கு” என்றார். நல்லாக இல்லை.


ஜூலை 14, திங்கள்

இறங்குதுறையில் ஒட்டியிருந்த எங்கள் அறிவித்தலை மான் தின்றுவிட்டது. “லேஞ்சி போட வேண்டாம்” என்பதில் “போட வேண்டாம்” போய், “லேஞ்சி” மட்டும் மிச்சம். ஊருக்குள் திரியும் மான்களுக்கும் எங்கள் தரம் தெரிந்திருக்கிறது.

ரிஸ்வி பத்து மணிக்கு, “அக்கா, பொங் வந்திட்டு!”

கதிரையிலிருந்து துள்ளி எழும்பி ஓடினேன். வந்தது உண்மைதான். ஆனால் அவருடைய லப்டொப்பில். முகவரி போடும் இடத்தில் ‘இவ்விடமே’ என்று அர்த்தம் வருகிற சொல்லைப் போட்டிருக்கிறார். அவருடைய லப்டொப்பில் பரிசோதனைக்கு ஒரு சேமிப்பு ஓடுகிறது, அது பொங் சொன்னது. அதையே பெட்டிக்குள் வைத்தால் ‘இவ்விடம்’ என்பது பெட்டியின் உள்பக்கம். நான்கு பெட்டியும் தன் தன் வயிற்றைத் தட்டி “ஆராவது இருக்கிறீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தன.

கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துவிட்டேன். “ரிஸ்வி, கிண்ணியாவில நிண்டுகொண்டு கிண்ணியாவுக்கு வழி கேட்டிருக்கிறீங்க.” அவரும் சிரித்தார். காது சிவந்தது.

நல்ல மனிதர். ஒவ்வொரு நாளும் கிண்ணியாப் பாலத்தால் மோட்டர்சைக்கிளில் வருகிறவர். ஒரு குறை, எதையும் அழிக்க மாட்டார். பிழையான கோப்பு, பழைய கோப்பு, பிழையான கோப்பின் பழைய பிரதி, எல்லாம் திகதி போட்டு வைத்திருப்பார். “தேவப்படும் அக்கா” என்பார். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

முகவரியைச் சரிப்படுத்தினோம். பிங் அனுப்பினோம். பொங் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

ஜூட்: “எங்கட பக்கம் எல்லாம் ஓகே மிஸ். உங்கட முகவரிக்குக் கதவு திறக்க இல்ல, அவ்வளவுதான்.”

“அப்ப திறவுங்களன்.”

“வாடிக்கையாளர்ட கடிதம் வேணும். கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும்.”

வாடிக்கையாளர் என்றால் சங்கம். சங்கம் என்றால் நடராசா அண்ணை. அவரோ கிளிவெட்டியில், வயலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார். ஸ்டாம்ப் எப்போதும் அவருடைய பையில். மனைவியைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டாராம்.

ரிஸ்வி கடிதத்தோடு போனார். மூன்று மணிக்குப் படம் அனுப்பினார். ஸ்டாம்ப் மை காய்ந்துவிட்டதாம். வரம்போரத்தில் நாவல் மரம் நின்றதாம். நாவற்பழத்தைப் பிழிந்து ஸ்டாம்பைத் தோய்த்து, மோட்டர்சைக்கிள் சீற்றில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள்.

ஜூட் அதை ஏற்றுக்கொண்டார். “கலர் நல்லாயிருக்கு மிஸ். என்ன பிராண்ட்?”


ஜூலை 15, செவ்வாய்

எட்டரையிலிருந்து கரண்ட் இல்லை. வந்தது பத்தரைக்கு. இன்னும் ஒன்றரை நாள்தான் இருக்கிறது, அதில் இரண்டு மணித்தியாலத்தை இப்படித் தின்றுவிட்டார்கள். திட்டித் தீர்த்தேன்.

கதவு திறந்துவிட்டது. இனி பாஸ்வேர்ட். ஜூட்டின் இடத்தில் அதை எழுத்தில் அனுப்ப மாட்டார்களாம், வாயால்தான் சொல்வார்களாம். ரிஸ்வி போனில் கேட்டுக் கடதாசியில் எழுதினார். இருபது எழுத்து. திரும்பவும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். ஜூட் ஒவ்வொன்றுக்கும் “ஓகே” சொன்னார்.

அடித்தது நான். நேற்றைய ‘இவ்விடமே’ கூத்துக்குப் பிறகு இதை ரிஸ்வியிடம் விடுவதாக இல்லை. நானே புதுக் கோப்பு திறந்து, நானே அடித்து, நானே பெட்டிகளுக்குள் அனுப்பினேன்.

பிங்.

இந்த முறை பதில் வந்தது: பாஸ்வேர்ட் பிழை.

முதலில் சந்தோஷம்தான். கதவைத் திறந்து “நீ யார்?” என்றாவது கேட்கிறார்கள். பிறகு அதே பதில். கடைசி வரியை அழித்துத் திரும்ப அடித்தேன், பிழை. கண்ணாடி போட்டு அடித்தேன், பிழை. ஜூட்டைக் கூப்பிட்டுப் புதுப் பாஸ்வேர்ட் வாங்கி அதே கோப்பில் மாற்றினேன். பிழை.

“எங்கட பக்கம் எல்லாம் ஓகே மிஸ்.”

“உங்கட பக்கத்தைத் தூக்கிக் கடல்ல போடுங்க” என்று சொல்லவில்லை. நினைத்தேன். வெற்றிலைக்கறை மாதிரி ஒரு சிவப்பு எழுத்து, திரையில் பத்தொன்பது தரம்.

ர.: “சாப்பிட்டனீரா?”

சாப்பிட்டேனா?


ஜூலை 16, புதன். ஆனி கடைசி

நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

நல்ல நேரம் பத்தே கால். பத்து மணிக்கே இறங்குதுறை ரிக்கற் அறையில் நடராசா அண்ணை. வேட்டி, சால்வை. கொம்பியூட்டருக்கு முன்னால் வாழையிலை, வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை, கற்பூரம், தேங்காய். திரையின் நெற்றியில் சந்தனப் பொட்டு. ஜெமீலா ரீச்சர் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

திட்டம்: பொங் வந்ததும் தேங்காய் உடைப்பது.

பத்தே கால். பிழை.
பத்து இருபது. பிழை.
பத்தரை. கற்பூரம் முடிந்தது. அடுத்த கற்பூரம். பிழை.

ஜெமீலா ரீச்சர்: “தலைவர், தேங்காயக் கீழ வையுங்க. கை நோகும்.”

பதினொன்றரைக்கு நல்ல நேரம் முடிந்தது. நடராசா அண்ணை தேங்காயைப் பைக்குள் வைத்தார். என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். “தடங்கல் தங்கச்சி. ஆவணியில பாப்பம்” என்று சொல்லி, இரண்டு வாழைப்பழம் தந்துவிட்டுப் போனார்.

ஒஃபிசுக்கு வந்தோம். ரிஸ்வியின் மேசையில் பாஸ்வேர்ட் எழுதிய கடதாசி கிடந்தது. மேலே, நடுவில், 786. ‘பிஸ்மில்லா’வுக்குப் பதிலாக எழுதுகிற எண்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “இதென்ன? இதையும் சேர்த்து ஜூட்டுக்கு வாசிச்சனீங்களா? அந்தாள் பாஸ்வேர்டோட இதையும் போட்டு வச்சிருக்கும்!”

“இல்லக்கா. அது கடதாசிக்கு மட்டும்தான். எந்தக் கடதாசிக்கும் போடுறதான். பாஸ்வேர்ட் அதுக்குக் கீழ.”

நான் நிறுத்தவில்லை. வேலை செய்யும் இடத்துக்குள் சாமியையும் சாத்திரத்தையும் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும் என்றேன். காலையில் கற்பூரம், இப்போது இது என்றேன். உங்களால்தான் நான் கொழும்புக்குப் போகப் போகிறேன் என்றும் சொன்னேன். அதையும் எழுதுகிறேன், சொன்னது நான்தானே.

ரிஸ்வி கடதாசியை நான்காக மடித்து மேல் பொக்கற்றுக்குள் வைத்தார்.

ஜூட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருடைய பக்கத்தில் 786 இல்லை. எல்லாம் ஓகே.

ரிஸ்வியிடம் அதைச் சொல்லவில்லை.


ஜூலை 17, வியாழன். ஆடிப்பிறப்பு

காற்று இன்று கொஞ்சம் அடக்கம்.

ர.வின் தங்கை விடியவே ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் கொண்டுவந்து தந்தாள். ஒரு தூக்குச்சட்டி கூழ் ஒஃபிசுக்கும். எனக்கு இறங்கவில்லை. ரிஸ்விக்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார், “தேங்காச்சொட்டு நல்லம்” என்றார். நேற்றிலிருந்து என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது.

பிறகு மேசையில் இருந்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். விரலால் கடதாசியில் ஒருதரம், திரையில் ஒருதரம். பின்னேரம் மூன்று மணிக்கு, “அக்கா, பாஸ்வேர்ட் எத்தின எழுத்து?”

“இருபது.”

“பெட்டிக்குள்ள இருபத்தாறு இரிக்கி.”

இருபத்தாறா? நானே அடித்தது. இருபது.

“முன்னுக்கு ஆறு கூட. பாக்கிறீங்களா?”

பார்த்தேன்.

முதல் வரியில் ஒரு அடையாளக் குறி, ஒரு இடைவெளி, பிறகு:

உ

பிள்ளையார் சுழி. அதற்குக் கீழ்தான் பாஸ்வேர்ட். பெட்டி முழுவதையும் சேர்த்து அப்படியே ஜூட்டுக்கு ஒப்பித்திருக்கிறது. மெசினுக்குச் சுழி மட்டுமே மூன்று எழுத்துக் கணக்கு, குறி, இடைவெளி, வரி முடிவோடு ஆறு.

யார் போட்டது? நான். முதல் வேலைக்குப் போன நாள் அம்மா போனில், “சுழி போட்டுத் தொடங்கினனியா?” என்று கேட்டா. பகிடிக்கு, நான் திறக்கிற ஒவ்வொரு புதுக் கோப்பின் தலையிலும் தானாகவே சுழி விழுகிற மாதிரிச் செய்து வைத்தேன். புரோகிராமில் அந்தக் குறியோடு தொடங்கும் வரியை மெசின் வாசிக்காது. அதனால் பதினைந்து வருடம் ஒரு தொல்லையும் இல்லை, எனக்கும் கண்ணில் படுவதில்லை. பாஸ்வேர்ட் கோப்பில் அப்படியில்லை. அங்கே எழுதியது எல்லாமே பாஸ்வேர்ட். செவ்வாயும் புதனும் நான் மாற்றியது கடைசி வரியைத்தான். பிள்ளையார் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவிலுக்குப் போகாத பெண். பஞ்சாங்கத்துக்குச் சிரிக்கிற பெண். சாமியையும் சாத்திரத்தையும் பற்றி நேற்று ரிஸ்விக்கு வகுப்பெடுத்த பெண்.

ரிஸ்வி சிரிக்கவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

முதல் வரியை அழித்தேன். அனுப்பினேன். பிங்.

பொங்.

நான்கு பெட்டியும், ஒன்றன்பின் ஒன்றாக: பொங். பொங். பொங். பொங். ரிஸ்வி தன் போனிலும் நான் என் போனிலும் ஒரே நேரம் பன்னிரண்டாம் கதிரையைத் தொட்டோம். அவருக்குக் கிடைத்தது. எனக்கு, ‘இடம் பிடிக்கப்பட்டுவிட்டது’.

நேரம் மூன்று நாற்பது. ஆடி பிறந்து முதல் நாள்.

சுழி விழுகிற ஏற்பாட்டையே கழற்றி எறியப் போனேன். ரிஸ்வி மறித்தார். “கழட்டாதீங்கக்கா. கோடுக்கு இரிக்கட்டும். பாஸ்வேர்டுக்கு மட்டும் வேணாம்.”

இரவு இந்தக் கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் இருக்கிறது.


ஜூலை 18, வெள்ளி

காலை எட்டுக்கே இருவரும் நடராசா அண்ணையிடம். சங்க அறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் கதிரையை அவருடைய போனில் தொடச் செய்து காட்டினோம். ரிஸ்விக்கு மறுத்தது, எனக்கு மறுத்தது. அவருக்கு மட்டும் கதிரை. நல்ல சந்தோஷம்.

“திறம். ஆவணி முதல் கிழமை தொடங்குவம்.”

ஆவணிக்கு முன்னே எங்கள் அறையை மூடிவிடுவார்கள் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். அவர் முகம் வாடிப் போனது. ஆனால் விடவில்லை. “நான் ஓமெண்டாலும் சங்கத்தில மற்றாக்கள் விடமாட்டினம் தங்கச்சி. ஆடிக்கத் தொடங்கிக் கடல்ல ஒரு காற்றடிச்சாலும் என்ர தலையிலதான் விழும்.”

“அண்ணை, ஆனியில தொடங்கினதுதானே? புதன்கிழமை கற்பூரம் கொளுத்தினனீங்க.”

“தேங்காய் உடைக்கேல்ல. உடைக்காத தேங்காய் தொடக்கமில்ல. ஒரு சுழியாவது போட்டிருந்தாச் சொல்லலாம். சுழி போட்டதெண்டா அது தொடங்கினதுதான், இடையில நிண்டாலும் பிழையில்ல.”

சுழி நேற்று வரை இருந்தது. பொங் வரட்டும் என்று நானே அழித்துவிட்டேனே. இனி சொன்னால் யார் நம்புவார்கள்?

“போட்டிரிக்கி தலைவர்” என்றார் ரிஸ்வி.

லப்டொப்பைத் திறந்தார். அவருடைய அழிக்காத கோப்புகளில் ஒன்று. நான் திருத்துவதற்கு முன் இருந்த பிரதி, திகதியோடு, நேரத்தோடு. “ஆனி மாசம். செவ்வாக்கெழம காலயில, பத்து நாப்பத்தேழு. சுகந்தியக்கா தன்ட கையால போட்டது. இந்தா, மேல.”

நடராசா அண்ணை கண்ணாடியைப் போட்டார். திரைக்குக் கிட்டக் குனிந்தார். நிமிர்ந்தார். மேசை லாச்சியை இழுத்துப் பஞ்சாங்கத்தை எடுத்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.

“செவ்வாய்... எமகண்டம் ஒன்பதில இருந்து பத்தரை.” விரல் வரி வரியாக இறங்கியது. “பத்து நாப்பத்தேழு. பதினேழு நிமிசத்தில தப்பியிருக்கிறீங்க!”

கரண்ட் ஒழுங்காக இருந்திருந்தால் நான் ஒன்பதேகாலுக்கே அடித்திருப்பேன். மின்சாரக்காரர்களைத் திட்டிய அவ்வளவையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

“அப்ப இது ஆனியில தொடங்கின வேலை. ஆடியில தொடருது. திங்கக்கிழமை லோஞ்சில ஏத்துவம்.” பிறகு ரிஸ்வியைப் பார்த்தார். “தம்பி, நீங்க காட்டித்தான் நான் பிள்ளையாரைக் காணவேண்டிக் கிடக்கு!”

“தேவப்படும் என்டுதான் வெச்சிரிந்த” என்றார் ரிஸ்வி.

படியால் இறங்கும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மத்தியான ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். மணி ஒன்பதரைதான்.


ஜூலை 19, சனி

பாரை. ஒன்றரைக் கிலோ! ர. வெட்டினார், நான் காய்ச்சினேன்.

மின்பட்டியல் பஞ்சாங்கம் போல மடித்து அரிசி வாளிக்கு அடியில். நான்தான் வைத்தேனாம்.


ஜூலை 21, திங்கள்

ஆறரைக்கு இறங்குதுறை. கடல் தட்டை. மான்களும் வந்திருந்தன, இந்த முறை அறிவித்தல் ஒட்டவில்லை.

ஐம்பத்திரண்டு கதிரை, ஐம்பத்திரண்டு பேர். ஒருவர் மடியிலும் ஒருவர் இல்லை. தேங்காய் ஒரே அடியில் சரிபாதி. நடராசா அண்ணை அந்தச் சத்தத்துக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பன்னிரண்டு ஜெமீலா ரீச்சருக்கு. போனில் பச்சையாகக் காட்டியது. அப்படி இருந்தும் கரையில் நின்றபடியே லேஞ்சியைச் சுருட்டி எறிந்தார். குறி தப்பாமல் பன்னிரண்டில் விழுந்தது.

“ரீச்சர், போன் சொன்னாப் போதாதா?”

“போனுக்குத் தெரியும் புள்ள. கதிரக்கித் தெரியணுமே.”

லோஞ்சு போனதும் மனேஜர். வாழ்த்து. கொழும்புக்கு வரத் தேவையில்லை. அறை அப்படியே இருக்கட்டும், இதையே கிண்ணியாப் பக்கமும் பார்க்கலாமாம். ஜூட்டிடமிருந்தும் ஒரு செய்தி: எங்கட பக்கம் எல்லாம் ஓகே.

ர.வுக்கு அழைத்தேன். என்ஜின் சத்தத்துக்குள், “என்ன? போக வேணுமா?”

“போகத் தேவையில்ல!”

“என்ன?”

“குறட்டை விடாதீங்க எண்டு சொன்னனான்!”

விளங்கிவிட்டது. சிரிக்கிற சத்தம் என்ஜினுக்கு மேலால் கேட்டது.

ஒஃபிஸ். கச்சான் திரும்பத் தொடங்கிவிட்டது, யன்னல் மூடல். ரிஸ்வி மேசையில். நான் இரண்டு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு போய் ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசிக் கட்டும் வைத்தேன், புதிது. அவர் மேல் கடதாசியை எடுத்து, நடுவில் 786 எழுதி, கீழே இன்றைய வேலைகளை எழுதத் தொடங்கினார்.

“ரிஸ்வி, புதன்கிழமை நான் சொன்னது...”

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

“அத அன்டைக்கே அழிச்சிட்டன் அக்கா.”